இயந்திரம் ஒரு தடவை, பிளேடு ஒவ்வொரு தடவையும்

போன வருசம் சித்திரைக் கடைசி. பந்தலில் பாகல் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். பந்தலுக்குத் தண்ணீர் போகிற இரண்டரை இஞ்ச் மெயின் லைனில், தொட்டிச் சுவரை ஒட்டி இருந்த 'டீ' வெடித்துவிட்டது. ஒரு பக்கம் காங்கிரீட் சுவர், இன்னொரு பக்கம் தென்னை வேர். ஆக்ஸா பிரேம் உள்ளே நுழையாது. நுழைந்தாலும் இழுக்க இடமில்லை.

எனக்குப் பெரிசாகக் கவலை இல்லை. எட்டு மாதம் முன்னாடி ஆசிலேட்டிங் மல்டி டூல் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இதே மாதிரி இன்னொரு குழியில், வேரில் கை வைக்காமல் பைப்பை அறுத்துக் கொடுத்த இயந்திரம் அது. பெட்டியைத் திறந்து பார்த்தால், கூட வந்த ஐந்து பிளேடும் மொட்டை. சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். பிளேடு எல்லாக் கடையிலும் இருந்தது. என் இயந்திரத்தில் மாட்டுகிற பிளேடுதான் எங்கேயும் இல்லை. ஆன்லைனில் தேடினால் அதே கம்பெனி பிளேடு மட்டும், மூன்று 1,650 ரூபாய். 'நாளைக்கு வரும்' என்று போட்டிருந்தது. நாளை மறுநாளும் அதையேதான் போட்டிருந்தது.

மூன்று நாள் பந்தலுக்குத் தண்ணீர் இல்லை. சித்திரை வெயிலில் பூ கொட்ட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்க அப்பா எதுவும் பேசாமல் ஒரு பழைய ஆக்ஸா பிளேடை எடுத்தார். ஒரு முனையில் கோணிச் சணலைச் சுற்றினார். குழியில் இறங்கி, பிரேம் இல்லாமல் வெறும் பிளேடாலேயே இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். இரண்டரை மணி நேரம் ஆச்சு. உள்ளங்கை கிழிந்து இரண்டு தையல் போட வேண்டி வந்தது.

"மிஷினு வாங்குனதுல எனக்கு ஒண்ணுமில்லை கண்ணு. அது வந்ததும் கையில இருக்கற வேலையை நீ மறந்துட்டயே, அதாண்டா" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு உட்கார்ந்து நான் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது, நன்றாக உழைக்கிறது. அதை எப்படிப் பார்த்து வாங்குவது, பிளேடு செலவை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பாடம்.

இது என்ன இயந்திரம்?

கையில் பிடிக்கிற நீளமான ஒரு மோட்டார். அதன் மூக்கில் ஒரு பிளேடு. இந்த பிளேடு கட்டிங் மிஷின் போலச் சுற்றாது. இடமும் வலமுமாக மிகச் சின்னதாக ஆடும். பெரும்பாலான இயந்திரங்களில் மொத்த ஆட்டமே 3 டிகிரி அளவுதான். ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் தடவை வரை ஆடும். எங்க அப்பா இதற்கு 'நடுக்கு மிஷினு' என்று பேர் வைத்துவிட்டார். பொருத்தமான பேர்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மோட்டார் தண்டின் நுனியில் மையம் தள்ளி ஒரு சின்ன பேரிங் இருக்கும். அதை ஒரு கவட்டை பிடித்திருக்கும். தண்டு சுற்றச் சுற்ற, பேரிங் கவட்டையை இப்படியும் அப்படியும் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பிளேடின் ஆட்டம். தேய்கிற பாகங்களும் இவைதான்: அந்த பேரிங், கவட்டை, மோட்டாரின் கார்பன் பிரஷ்.

சுற்றாமல் ஆடுவதால் மூன்று நன்மை. பிளேடு முன்பக்கமாக நேரே உள்ளே இறங்கும், சுற்றிலும் இடம் தேவையில்லை. சுவரை, தரையை ஒட்டி மட்டமாக அறுக்கலாம். மாட்டிக்கொண்டால் கட்டிங் மிஷின் போல எகிறி அடிக்காது.

ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895இல் கையில் பிடித்து ஓட்டுகிற மின்சாரத் துளைக் கருவியைச் செய்தது. அதே நிறுவனம் 1967இல் மாவுக்கட்டு அறுக்கிற ஆட்டக் கருவியைக் கொண்டுவந்தது. மாவுக்கட்டு விறைப்பானது, அறுபடும். அடியில் இருக்கிற தோல் பிளேடோடு சேர்ந்து ஆடும், அதனால் அறுபடாது. அந்த யோசனைதான் வளர்ந்து தச்சு வேலைக்கும் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல கம்பெனிகள் இறங்கின, விலையும் நமக்கு எட்டுகிற அளவுக்கு வந்தது. ஒரு எச்சரிக்கை: மரம் அறுக்கிற பல் உள்ள பிளேடு விரலையும் அறுக்கும். மாவுக்கட்டுக் கதையை நம்பித் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

முதலில், நமக்கு வேண்டுமா?

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டு எடுங்கள். போன ஒரு வருசத்தில் 'இதற்கு ஆக்ஸா நுழையவில்லை, கட்டிங் மிஷின் வைத்தால் பக்கத்தில் இருப்பது கெட்டுப்போகும்' என்று தவித்த வேலைகளை மட்டும் எழுதுங்கள். எங்கள் பட்டியல் இது:

குழிக்குள், சுவரோரம் பைப் அறுப்பது. மோட்டார் ரூம் கதவு மழையில் ஊதிப் பிடித்துக்கொண்டால் நிலையோடு சேர்த்து அடியை அறுப்பது. கட்டுத்தரைக் கூரையில் உளுத்த சட்டத்தை, ஓட்டை இறக்காமல், இருந்த இடத்திலேயே வெட்டுவது. பழைய பலகையில் ஆணியோடு அறுத்துப் பலகையைக் காப்பாற்றுவது. தேனீப் பெட்டிக்கு வாசலும் காடியும் எடுப்பது. துருப்பிடித்து இறுகிய கீல் ஆணியை வெட்டுவது. தண்ணீர்த் தொட்டியின் வெடிப்பில் பழைய பூச்சைச் சுரண்டுவது.

இதற்கு ஆகாத வேலைகளும் உண்டு. கனமான ஆங்கிள், கம்பி அறுக்கக் கட்டிங் மிஷின்தான். நீளமான பலகை கிழிக்க வட்ட ரம்பம். கொம்பு கழிக்க அரிவாளும் கைரம்பமும். திறந்த இடத்தில் பைப் அறுக்க ஆக்ஸா போதும், 20 ரூபாய் பிளேடு மாதக்கணக்கில் வரும். இந்த வேலைகளுக்கு மல்டி டூலை எடுத்தால் பிளேடுதான் காலி.

உங்கள் பட்டியல் பத்தைத் தாண்டவில்லை என்றால் வாங்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் கேளுங்கள். இல்லையென்றால் கூட்டாக வாங்குங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பம்புசெட் கற்றுக்கொடுத்த பாடம்

பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்த பிறகு இந்தச் சீமையின் பண்ணையமே மாறியது. ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி என்று பட்டறைகள் பெருகின. நிலத்தடி நீரை அது எந்த ஆழத்துக்குக் கொண்டுபோனது என்பது வேறு கதை, அதைப் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அந்த மோட்டார் இங்கே நிலைத்ததற்குக் காரணம் அது மலிவாகக் கிடைத்தது மட்டும் இல்லை. காயில் கட்டுகிற கடை ஊருக்கு ஊர் இருந்தது. புஷ், பேரிங் எந்தக் கடையிலும் கிடைத்தது. ஒரு கம்பெனி மோட்டாரை எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்ட முடிந்தது.

தோட்டத்துக்குள் வருகிற எந்த இயந்திரத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். 'என்ன விலை?' என்பது இரண்டாவது கேள்வி. 'இது நின்றுபோனால், தேய்ந்துபோனால், என் ஊரில் அதற்கு மருந்து இருக்கிறதா?' என்பதே முதல் கேள்வி. ஒட்டு விதை வாங்கிப் பழகிய நமக்கு இது புரியாததல்ல. முதல் வருசம் விதை கூட இலவசமாகக் கிடைக்கும். அடுத்த வருசம் கடைக்குப் போய்த்தான் ஆகணும். நான் வாங்கிய முதல் இயந்திரமும் அப்படித்தான், கம்பெனி பிளேடு இல்லாமல் அது வெறும் டப்பா.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது. பிளேடுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கண்ணைத் திறந்து வாங்குவது மட்டும்தான் பாதுகாப்பு.

கடையில் பார்க்க வேண்டிய ஐந்து

1. மூக்கு. முதலில் பார்க்க வேண்டியது பிளேடு மாட்டுகிற இடம். இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. ஒன்று தட்டை வகை: நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் சின்ன ஓட்டைகள், இயந்திரத்தில் அவற்றுக்குப் பொருந்துகிற முளைகள், மேலே ஒரு போல்ட். விலை குறைந்த பொது பிளேடுகள் பெரும்பாலும் இதற்குத்தான் வருகின்றன. இரண்டாவது, 2016இல் பாஷும் ஃபைனும் சேர்ந்து கொண்டுவந்த ஸ்டார்லாக். நட்சத்திரம் போல, கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். பிடிமானம் மிக நல்லது, ஆட்டத்தின் பலம் வீணாகாது. தச்சுத்தொழில் செய்கிறவருக்கு அது சரி. ஆனால் தட்டை பிளேடு அதில் உட்காராது. அதிலேயே ஸ்டார்லாக், ஸ்டார்லாக் பிளஸ், ஸ்டார்லாக் மேக்ஸ் என்று மூன்று படி. பெரிய படி இயந்திரம் சின்னப் படி பிளேடை ஏற்கும், சின்னது பெரிசை ஏற்காது. இவை இரண்டிலும் சேராமல் தனக்கென்று தனி மூக்கு வைத்த இயந்திரங்களும் உண்டு. எட்டு மாதத்தில் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது அந்த வகை.

எளிய வழி: முதலில் பிளேடு வாங்குங்கள். உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிற பிளேடு எது என்று கேட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு இயந்திரம் பார்க்கப் போங்கள். கடைக்காரர் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள்.

2. வேகத் திருகு. வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிளேடின் ஆயுள் பாதி இந்தத் திருகில்தான் இருக்கிறது.

3. பலம். நம் வேலைக்கு 300 வாட் போதும். அதிக வாட் நல்லதுதான், ஆனால் பிளேடு மொட்டையாக இருந்தால் 500 வாட்டும் சூடுதான் போடும்.

4. கார்பன் பிரஷ். வெளியிலிருந்து மூடியைத் திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்தால் நல்லது. காயில் கட்டுகிற கடையில் காட்டி, அந்த அளவு பிரஷ் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கடைக்காரர் 'இது நம்மகிட்ட ஆகாதுங்க' என்றால் அது உங்களுக்கும் ஆகாது.

5. ஒயரா, பேட்டரியா. பேட்டரி வசதிதான், காட்டுக்குள் எங்கும் எடுத்துப் போகலாம். ஆனால் பேட்டரியும் பிளேடு மாதிரியே ஒரு கம்பெனிக்கு ஒரு மூக்கு. ஏற்கெனவே அதே பேட்டரியில் ஓடும் ஸ்பிரேயரோ டிரில்லிங் மிஷினோ உங்களிடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் ஒயர் போதும்.

விலை வேறு, செலவு வேறு

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும், நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் இயந்திரம் 2,900 ரூபாய். அதற்கான பிளேடு ஒன்று 550. இப்போது இருப்பது தட்டை மூக்கு, 3,400 ரூபாய். சாதாரண பிளேடு ஒன்று 110, 120. வருசத்துக்கு 12 பிளேடு என்று வையுங்கள். முதல் இயந்திரத்துக்கு மூன்று வருசத்தில் பிளேடு மட்டும் 19,800. இயந்திரத்தோடு 22,700. இரண்டாவதுக்கு பிளேடு 120 என்றே வைத்தாலும் 4,320. இயந்திரத்தோடு 7,720. வாங்கும்போது 500 ரூபாய் மிச்சம் என்று சந்தோசப்பட்டவன் மூன்று வருசத்தில் 15,000 இழந்திருப்பேன்.

ஆனால் மலிவு பிளேடே எப்போதும் லாபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிளேடில் பல ஜாதி.

கார்பன் எஃகு பிளேடு: மலிவு. பைப், ஆணியில்லாத மரம், பிளைவுட் ஆகியவற்றுக்கு. ஆணி ஒன்று பட்டால் பல் போய்விடும்.

பைமெட்டல்: பல் பக்கம் கடினமான எஃகு, உடம்பு வளைந்துகொடுக்கும் எஃகு. ஆணியுள்ள மரம், செம்பு, அலுமினியம், சாதா ஆணி, மெல்லிய தகடு.

கார்பைடு பல்: இறுகிய கடின ஸ்குரூ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை மிக அதிகம். வருசத்துக்கு ஒன்று கூட நமக்குத் தேவைப்படாது.

கார்பைடு பொடி அல்லது வைரப்பொடி ஒட்டிய பிளேடு: பல் இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். டைல்ஸ் இடுக்கு, சிமெண்ட் பூச்சு.

எந்த பிளேடு எத்தனை வெட்டு வெட்டியது என்று ஆறு மாதம் நோட்டில் கோடு போட்டு வைத்தேன். 110 ரூபாய் கார்பன் பிளேடு ஒன்றில் இரண்டு இஞ்ச் பைப் 40 தடவை அறுத்தேன். வெட்டுக்கு மூன்று ரூபாய் கூட ஆகவில்லை. அதே பிளேடில் இன்னொன்றை ஆணியிருந்த சட்டத்தில் வைத்தேன், ஒரே வெட்டில் முடிந்தது. அந்த வெட்டின் விலை 110 ரூபாய். 380 ரூபாய் பைமெட்டல் அதே மாதிரி ஆணிகளை 12 வெட்டு வரை தாங்கியது. வெட்டுக்குச் சுமார் 32 ரூபாய். ஆகவே பைப்புக்கு மலிவு பிளேடு, ஆணிக்கு விலை பிளேடு. எங்கள் பெட்டியில் இப்போது மலிவு பிளேடு ஆறு, பைமெட்டல் இரண்டு, சுரண்டி ஒன்று. அவ்வளவுதான். '66 பிளேடு, 100 பிளேடு' என்று கூட்டிக் கட்டி விற்கிற பெட்டியில் நமக்கு வேண்டியது கால்வாசி கூட இருக்காது.

பிளேடு சீக்கிரம் போகாமல் இருக்க

பிளேடைக் கொல்வது வெட்டு இல்லை, சூடு. பல் நுனி நீலம் பாய்ந்தால் அதன் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அது வெறும் தகரம்.

இரும்புக்கு வேகத்தைக் குறையுங்கள். பைப்புக்கும் குறையுங்கள், வேகம் கூடினால் பி.வி.சி. உருகிப் பல்லில் ஒட்டும். காய்ந்த மரத்துக்கு மட்டும் முழு வேகம்.

அழுத்தாதீர்கள். இயந்திரத்தின் எடையோடு கொஞ்சம் கை எடை போதும். அழுத்தினால் பிளேடின் ஆட்டம் நின்று உரசல்தான் மிஞ்சும்.

ஒரே இடத்தில் குத்தி நிறுத்தாமல் கையை மெல்ல இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து அறுங்கள். தூள் வெளியே வரும், பிளேடு மூச்சு விடும். ஆழமான வெட்டில் நடுவே வெளியே எடுத்து ஆற விடுங்கள்.

அரை வட்ட பிளேடில் நாம் பெரும்பாலும் ஒரே பக்கத்துப் பல்லைத்தான் தேய்ப்போம். கழற்றித் திருப்பி மாட்டுங்கள், மிச்சப் பல் புதுசாக இருக்கும்.

பழைய பலகையை வெட்டும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். ஆணி இருக்கிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவிடலாம்.

நாமே செய்துகொள்வது

மொட்டையான கார்பன் பிளேடைத் தூக்கிப் போட வேண்டாம். மெல்லிய கட்டிங் வீலால் பழைய பல்லை மட்டமாக எடுத்துவிட்டு, ஓரத்தில் புதுப் பல் கீறலாம். கடைப் பல் மாதிரி அழகாக வராது, பைப்புக்கு நன்றாக வெட்டும். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் பதம் போகும்.

இன்னொரு வழி. பல் முழுக்கப் போன பிளேடில் மூக்குப் பகுதி அப்படியே இருக்கும். அதில் வளையக்கூடிய பைமெட்டல் ஆக்ஸா பிளேடின் துண்டு ஒன்றை ஸ்பாட் வெல்டிங் அடித்து ஒட்டலாம். எங்கள் பக்கத்துப் பட்டறையில் சும்மா இருக்கிற நேரத்தில் அடித்துக் கொடுக்கிறார்கள். வெல்டிங் சூடு பல்லுக்குப் போகாதபடி, பல்லிலிருந்து தள்ளி அடிக்கச் சொல்லணும். குறைந்தது மூன்று புள்ளி. முழுக்க விறைப்பான ஆக்ஸா பிளேடு ஆகாது, ஆட்டத்தில் உடைந்து தெறிக்கும். செய்த பிளேடை முதலில் குறைந்த வேகத்தில், முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் இந்த வேலையே வேண்டாம்.

முக்கோண உப்புத்தாள் பாக்கெட் விலை அதிகம். ஒட்டுத்துணி அடித்த உப்புத்தாள் ரோலாகவும், 5 இஞ்ச் வட்டமாகவும் கிடைக்கிறது. பழைய முக்கோணத்தை வைத்துக் கோடு போட்டு வெட்டிக்கொண்டால் போதும்.

இயந்திரம் பொது, பிளேடு அவரவர்

எங்கள் பக்கத்தில் ஏழு குடும்பம் சேர்ந்து விதை மாற்றிக்கொள்கிறோம். அதே ஏழு பேரும் இரண்டாவது இயந்திரத்துக்குப் பங்கு போட்டோம். ஆளுக்கு 500 ரூபாய் கூட ஆகவில்லை. முதல் இரண்டு மாதம் சண்டைதான். இயந்திரம் திரும்பி வரும், பிளேடு மொட்டையாக வரும். யார் மொட்டையாக்கினது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்ன யோசனை அந்தச் சண்டையைத் தீர்த்தது. "வரமிளகாய் அரைக்க மில்லுக்குப் போறப்ப மிளகாயை நாமதானுங்க கொண்டு போறோம். பிளேடையும் அப்படியே வச்சுக்கலாமுங்க." அன்றிலிருந்து இயந்திரம் பொது, பிளேடு அவரவர். வாங்கிய அன்றே பிளேடில் பெயிண்டால் அடையாளம் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் எடுக்கிறவர் பத்து ரூபாய் உண்டியலில் போடணும், அது பிரஷுக்கும் பேரிங்குக்கும். சொந்த பிளேடு என்றானதும் எல்லோருக்கும் அழுத்தாமல் அறுக்கத் தெரிந்துவிட்டது. அவசரத்துக்கென்று சீல் வைத்த ஒரு பாக்கெட் பிளேடு பொதுப் பெட்டியில் எப்போதும் இருக்கும். அதைப் பிரித்தவர் ஒரு வாரத்தில் திரும்ப வைக்கணும். விதைக்குதிரில் கை வைக்கிற மாதிரிதான் அது.

உடம்பு முக்கியம்

பழைய கூரையில் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டை இந்த இயந்திரத்தால் அறுக்கவே கூடாது. இந்த ஆட்டம் அதை நுண்ணிய தூளாக்கும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருசம் கழித்துப் புற்றுநோயாக வரும். துணியைக் கட்டிக்கொண்டால் நிற்காது. சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் அறுக்கும்போது நனைத்துச் சுரண்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள்.

ஈரக் குழியில் மின்சார இயந்திரம் ஓட்டும் முன் தண்ணீரை இறைத்துக் காய விடுங்கள். மோட்டார் ரூமிலிருந்து இழுக்கிற ஒயருக்குக் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கட்டாயம். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை நம்ப வேண்டாம். சுவரில் இறக்கும் முன் உள்ளே ஒயர் ஓடுகிறதா என்று பாருங்கள். காது அடைப்பான் போடுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை கையை ஆற விடுங்கள். நடுக்கம் விரல் நரம்பைச் சாப்பிடும்.

கடைசியாக ஒன்று. இப்போது எங்கள் கருவிப் பெட்டியில், மல்டி டூலுக்குப் பக்கத்தில், சணல் சுற்றிய ஒரு ஆக்ஸா பிளேடு இருக்கிறது. அப்பா சுற்றிய அதே சணல், மேலே ஒரு சைக்கிள் டியூப் துண்டையும் இழுத்துப் போட்டிருக்கிறேன், கை கிழியாமல் இருக்க. கரண்ட் இல்லாத நாளில், பிளேடு தீர்ந்த நாளில் அதுதான் இயந்திரம். போன மாதம் இன்னொரு பைப் உடைந்தது. மல்டி டூல் வேறொரு தோட்டத்தில் இருந்தது. யாரையும் எதிர்பார்க்கவில்லை. நானே குழியில் இறங்கினேன். ஒரு மணி நேரம் ஆச்சு. சாயங்காலத்துக்குள் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ந்தது.